ஊற்றுப்பள்ளத்துப் புல்

சாலமலைத் தோட்டத்தில் பூவம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் புல்லுக்காரி. அவள் முகத்தைவிட அவள் தலைச்சுமையைத்தான் ஜனங்கள் அதிகம் பார்த்திருந்தார்கள். காலையில் பத்தனை என்கிற புல்வெளி மேட்டிலிருந்து ஒரு புல்கட்டு தானே இறங்கி வருவதுபோல் வரும். அதற்குக் கீழே இரண்டு மெலிந்த கால்கள் தெரியும்.

"கட்டு வருது, வழி விடுங்கடி" என்று கொழுந்தெடுக்கிற பெண்கள் ஒதுங்குவார்கள்.

"கட்டு ஒண்ணு கேக்குது. ஒங்க கூடையில பாதி காம்புதானாமே, நெசமா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

துறையூர்ப் பக்கத்திலிருந்து பத்து வயதில் கப்பலேறி இலங்கைக்கு வந்தவள். பதினாறில் மாட்டுப்பட்டிக் கந்தப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். கந்தப்பன் கவனிப்பில் தோட்டத்தின் ஆறு வண்டிக் காளைகளும் மூன்று பசுக்களும் இருந்தன. அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. தேயிலைப் பெட்டிகளை அதுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது காளைகளின் பாடு. அவற்றுக்குத் தீனி போடுவது பூவம்மாவின் பாடு. பசுக்கள் பத்தனையில் மேய்ந்துகொள்ளும். காளைகளுக்கு மேய நேரம் ஏது? அவை இழுத்து முடித்து வந்து நிற்கும்போது முன்னால் புல் கிடக்க வேண்டும்.

அவளுக்கு மாட்டின் உடம்பு சாணியில் தெரியும். தொழுவத்தைக் கூட்டும்போதே, "நேத்து கொம்பனுக்குத் தண்ணி காட்டலயா நீ?" என்று கந்தப்பனைக் கேட்பாள். அவன் தலையைச் சொறிவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் ஆடியில் கிளம்பிய வறண்ட கச்சான் காற்று ஆவணி முடிந்தும் ஓயவில்லை. பத்தனை மேடு முழுவதும் மானாப்புல் காய்ந்து, கையை அறுக்கிற தகடாகிவிட்டது. காளைகள் அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒரே ஒரு இடத்தில்தான் பச்சை இருந்தது. துரை பங்களாவுக்குப் பின்னால், குழாய் வழியே பங்களாவுக்குத் தண்ணீர் போகிற ஊற்றுப்பள்ளம். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். புல் அங்கே இடுப்பளவு நின்றது. பிடித்தால் கையில் ஈரம் ஒட்டும். அந்தப் பள்ளத்தில் ஆளோ மாடோ இறங்கக் கூடாது. இறங்கினால் பேர் வெட்டு, வேலை போய்விடும். கணக்கப்பிள்ளை இதைக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை கத்திச் சொல்வார்.

பூவம்மா இறங்கினாள். காலையில் பங்களா விழிக்குமுன் வெட்டி, அதைக் கட்டுக்கு நடுவில் வைத்து, மேலே நாலு பிடி மானாப்புல்லைப் போட்டு மூடிக் கட்டிக்கொண்டு வந்தாள். கந்தப்பனுக்கு மட்டும் தெரியும்.

"மாட்டிக்கிட்டா என்னா சொல்லுவ?"

"மாடு சொல்லாது. நீ சொல்லாம இரு."

ஐப்பசியில் மழை வந்தது. மானாப்புல்லும் துளிர்த்தது. ஆனால் அதற்குள் செவலைக்காளைக்கு என்னவோ ஆகிவிட்டிருந்தது. மயிர் சிலிர்த்து, முதுகெலும்பு தெரிந்தது. தாடைக்குக் கீழே காலையில் தண்ணீர்ப்பை மாதிரி ஒரு வீக்கம் தொங்கும். கந்தப்பன் விலாவில் சூடு போட்டான், வேப்பெண்ணெய் புகட்டினான். நோவு கண்ட மாட்டுக்கு இளம்புல் கொடுக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பூவம்மா மறுபடி ஊற்றுப்பள்ளத்துக்குப் போனாள். செவலை அந்தப் புல்லை மட்டும்தான் தின்றது. கார்த்திகை பிறந்ததும் செத்தது.

அதற்குப் பிறகு வெள்ளை. பிறகு மயிலை. பிறகு கரும்போர். எதற்கு வீக்கம் விழுந்ததோ அதற்கு அவள் அதிகமாக வெட்டினாள். தை மாதத்துக்குள் நாலு காளைகள் போய்விட்டன. மிச்சம் இரண்டு: வால் பாதியில் அறுந்த கூழைவாலனும் கொம்பனும். கூழைவாலனுக்கும் தாடையில் பை தொங்கத் தொடங்கியிருந்தது.

செத்த மாட்டை இழுத்துப் புதைக்கிற வேலையும், அதன் தோலும், கந்தப்பனுடைய வகையறாவுக்கு. ஊரிலிருந்து அவர்களோடு கப்பலேறி வந்த வழக்கம் அது. நாலு தோலையும் அவன் உரித்து, உப்புத் தடவி, பதுளையில் தோல் மண்டி வைத்திருந்த இத்ரூஸ் காக்காவிடம் போட்டான். அதுவே அவனுக்கு வினையாக வந்தது.

"நோவுன்னா ஆம்பள பொம்பள பாத்தா வரும்?" கணக்கப்பிள்ளை பட்டி வாசலில் நின்று துரைக்குக் கேட்கும்படி சொன்னார். "பசு மூணும் கல்லு மாதிரி நிக்குது. காளை மட்டும் விழுது. காளைத் தோலுதானே பெருசு, கந்தப்பா? பாஷாணத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"சாமி, நான் வளத்த மாடுங்க."

"வளத்தவன்தானே ஒரிச்ச?"

துரை பதுளைப் போலீசுக்குக் கடிதம் எழுதினார். சனிக்கிழமை இரண்டு பேர் வந்து அவனைப் பதுளைக்குக் கூட்டிப் போனார்கள். வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நிறுத்துவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாட்டுக்கு நஞ்சு வைத்தவனுக்கு எத்தனை வருஷம் என்று லயத்து வீடுகளில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். எந்தக் கணக்கிலும் அவன் திரும்பி வரும்போது பெண் பிள்ளைகள் இரண்டுக்கும் கல்யாண வயது தாண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூவம்மா பிள்ளைகளைப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களிடம் விட்டுவிட்டுப் பதுளைக்கு நடந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் கந்தப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி:

"கூழைவாலன் தின்னுதா?"

"ரெண்டு வாய். நீ தின்னியா?"

"இங்க கூழு நம்ம வீட்டுக் கூழவிட நல்லாத்தான் இருக்கு" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "புல்லு எங்க வெட்டுனதுன்னு கேட்டாங்க. பத்தனைலதான்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு. என் பேரு போனதோட போகட்டும், ஒம் பேரையும் வெட்டிப்புட்டா பிள்ளைக எங்க நிக்கும்?"

அங்கிருந்து இத்ரூஸ் காக்காவின் மண்டிக்குப் போனாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. பதுளையில் கந்தப்பனைத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. உப்பும் தோலும் நாறுகிற முன்கட்டில் இத்ரூஸ் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஸைனப் ஒரு கோப்பை தேத்தண்ணீரைக் கொண்டுவந்து பூவம்மாவின் கையில் வைத்துவிட்டு, "முதல்ல குடி புள்ள. அழுறத்துக்கும் தெம்பு வேணும்" என்றாள்.

"என்னேம் கூப்புட்டு விசாரிச்சாங்க" என்றார் இத்ரூஸ். "முப்பது வருஷமா தோல் பாக்குறேன், தோல்ல ஒரு பழுதும் இல்லண்டு சென்னேன். ஆனா தோலு வெளிப்பக்கம், புள்ள. வகுத்துக்குள்ள என்ன நடந்திச்செண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்? வகுத்தக் கிழிச்சுப் பாக்கோணும்."

"எல்லாத்தயும் பொதச்சாச்சே, காக்கா. மண்ணுதானே இருக்கும்."

"கவர்மெண்டுல மாட்டுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தீக்கார், யாழ்ப்பாணத்து ஆளு. மாடு செத்த எடத்துக்கெல்லாம் போய், குடலையும் ஈரலையும் வெட்டிப் பாத்து எழுதிட்டு வாராராம். கிறுக்கெண்டு சனம் செல்லுது. கிறுக்கெண்டாலும் கவர்மெண்டுக் கிறுக்கு. அவர் சென்னா கோட்டுல கேப்பாங்க."

சிதம்பரநாதன் என்ற அந்த இன்ஸ்பெக்டரைத் தேடிப் பிடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. மெலிந்த மனிதர், விரல் நகங்கள் மஞ்சளாக இருந்தன. பூவம்மா கை கூப்பிச் சொன்னதையெல்லாம் கேட்டார். ஆனால் அவர் கண் அவள் கூப்பிய கையிலேயே இருந்தது.

"உந்தக் கையில என்ன?"

முழங்கைக்குக் கீழே வட்டம் வட்டமாகப் படை. கன்றைக் குளிப்பாட்டுகிற கை.

"கண்டுக்குட்டிக்கும் உப்பிடி வட்டமாய் மயிர் கொட்டியிருக்கோ? ஓம், இருக்கும். இது பூசணம். பழஞ்சோத்தில பூக்கிறதுதான், இனம் வேறை. மாட்டிலயிருந்து உன்னிலை குடியேறியிருக்கு." சின்னக் கத்தியால் அந்த வட்டத்தின் விளிம்பைச் சுரண்டி, ஒரு கண்ணாடித் துண்டில் தட்டிக்கொண்டார். பூவம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் உள்ளே கிடக்கிறான், இந்த மனிதர் படையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"ஐயா, நஞ்சு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது? நான் புதன்கிழமை தெமோதரைக்கு, உங்கட தோட்டப் பக்கம் வருவன். அண்டைக்கு ஒரு மாடு புதுசாய்ச் செத்துக் கிடந்தால் வெட்டிப் பாப்பன். உயிரோட நிக்கிற மாட்டைக் கொல்லச் சொல்லித் துரையைக் கேக்க எனக்கு ஏலாது."

திரும்பி நடக்கும்போதுதான் அவர் சொன்னதன் அர்த்தம் அவளுக்குள் இறங்கியது. கூழைவாலன் புதன்கிழமைக்குள் சாக வேண்டும். வியாழன் செத்தால் பார்க்க ஆள் இல்லை. திங்கள் செத்தால் அழுகிவிடும். பிழைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை கந்தப்பனுக்குச் சாட்சி இல்லை.

திங்கட்கிழமை கூழைவாலன் எழுந்து நின்றது. தண்ணீர் குடித்தது. பட்டியைக் கடந்து போனவர்கள், "பாத்தியா, ஒம் புருசன் உள்ள போனதும் மாடு தேறுது" என்றார்கள். கணக்கப்பிள்ளை வேறு மாதிரி சொன்னார்: "புருசன் உள்ள, பொண்டாட்டி வெளிய. இது செத்தா ஒன்னயும் அனுப்பி வைப்பேன், ரெண்டு பேரும் சேந்தே இருக்கலாம்."

பூவம்மா தொழுவத்தில் உட்கார்ந்து மாட்டைப் பார்த்தாள். அதன் மூச்சை எண்ணினாள். எட்டு வருஷமாக அவள் கையால் தின்ற மாடு. அவள் வந்தால் கழுத்தை நீட்டி, முந்தானையை நக்கும். இப்போதும் நீட்டியது. 'செத்துப் போயேன்' என்று மனசுக்குள் சொன்னாள். சொன்னவுடன் எழுந்து போய் வாயைக் கழுவினாள். பிறகு வந்து மறுபடி அதையே சொன்னாள். தண்ணீர் வைக்காமல் விட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. குடத்தை எடுத்து மறைவாகவும் வைத்தாள். மாடு குடம் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே நின்றது. அவளால் முடியவில்லை. எடுத்துவந்து வைத்தாள். அடுத்த நாள் விடிந்ததும், பழக்கத்தில், ஊற்றுப்பள்ளத்துக்கே போய் இரண்டு கட்டு இளம்புல் வெட்டி வந்து போட்டாள். மாடு சாக வேண்டும் என்று நினைத்தவளின் கை, மாடு பிழைக்க வேண்டும் என்பதுபோலவே வெட்டியது.

செவ்வாய்க்கிழமை பகலில் கூழைவாலன் படுத்தது. புதன்கிழமை பெரட்டு முடிந்த நேரம் கழுத்தை மண்ணில் நீட்டியது. பூவம்மா அதன் கண்ணை மூடினாள். அழுகை வரவில்லை. வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே மட்டக்குதிரையில் ஒரு ஆள் தெரிந்ததும் எதிர்கொள்ளப் போனாள்.

துரை வந்தார், கணக்கப்பிள்ளை வந்தார். லயத்தில் பாதிப் பேர் வேலிக்கு அப்பால் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு, "ஒராள் காலைப் பிடியுங்கோ" என்றார். யாரும் அசையவில்லை. செத்த மாட்டைத் தொடுகிற ஆள் பதுளையில் கம்பிக்குள் இருந்தான். பூவம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து காலைப் பிடித்தாள். கந்தப்பனுடைய கத்தியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

இரைப்பையைத் திறந்து பார்த்தார். குடலை நீளத்துக்குக் கீறிப் பார்த்தார். "புண் இல்லை, வேக்காடு இல்லை. நஞ்சு எண்டால் இஞ்சைதான் தெரியும்" என்று துரைக்கு இங்கிலீஷிலும் மற்றவர்களுக்குத் தமிழிலும் சொன்னார். பிறகு ஈரலை இரண்டு கையாலும் அள்ளி எடுத்துப் பலகையில் வைத்தார். அது ஈரல் மாதிரியே இல்லை. வெளுத்து, முடிச்சு முடிச்சாக, மரப்பட்டை போலிருந்தது. கத்தி அதில் இறங்கியபோது மணலை அறுப்பதுபோல் நறநறவென்றது. அறுத்த குழாய்களை விரலால் பிதுக்கினார். உள்ளேயிருந்து பழுப்பாக, தட்டையாக, வாடிய இலை போன்றவை வழுக்கிக்கொண்டு வந்தன. ஒன்று, இரண்டு, பத்து. பலகையில் விழுந்த இலைகள் சுருங்கின, பிறகு நீண்டன. உயிரோடிருந்தன.

வேலிக்கு அப்பால் ஒருத்தி ஓங்கரித்தாள். துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இதுதான் உங்கட பாஷாணம்" என்றார் இன்ஸ்பெக்டர் கணக்கப்பிள்ளையிடம். "ஈரல்புழு. இருக்கிற இரத்தத்தையெல்லாம் உறிஞ்சிப்போடும். அதுதான் தாடையில தண்ணி கட்டினது."

பூவம்மாவுக்கு மூச்சு வந்தது. முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. ஒரு புழுவைக் கத்தி நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிடித்த விஷயத்தைச் சொல்கிற உற்சாகத்தோடு சொன்னார்.

"இதின்ரை முட்டை மாட்டுச் சாணியோடயோ காட்டு மான் புழுக்கையோடயோ தண்ணிக்குப் போகும். குஞ்சு பொரிச்சு, சின்ன நத்தையொண்டுக்குள்ள புகுந்து வளரும். பிறகு நத்தையை விட்டு வெளிக்கிட்டு, ஈரப் புல்லில ஏறிக் கடுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புல்லைத் திண்ட மாட்டுக்கு இது. சேறும் நத்தையும் இல்லாத இடத்தில இது வராது. இந்தக் காளையளுக்கு எங்கத்தைப் புல்லு?"

"பத்தனைப் புல்லு" என்றார் கணக்கப்பிள்ளை உடனே. "தோட்டத்துச் சட்டம் அது. பசுவும் அங்கதான் மேயுது, அதுக்கு ஒரு கேடும் இல்ல. பத்தனைல சேறு ஏது, நத்தை ஏது? அப்ப இந்தப் புழு எப்பிடி வந்துச்சு? கந்தப்பனும் பத்தனைப் புல்லுன்னுதானே பதுளையில சொல்லியிருக்கான்? புழு ஒரு பக்கம் இருக்கட்டுங்க. நஞ்சும் வச்சிருப்பான்."

இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கினார். "பத்தனைப் புல்லெண்டால் எனக்கும் விளங்கேல்லை" என்றார். கையிலிருந்த குறிப்புப் புத்தகம் மூடுகிற மாதிரி சாய்ந்தது.

பூவம்மா இன்னும் மாட்டின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நத்தை என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் காது அடைத்திருந்தது. ஊற்றுப்பள்ளத்தில் அரிவாள் போடும்போதெல்லாம் தாளின் அடியில் மிளகளவு நத்தைகள் உதிரும். கையில் ஒட்டினால் சேலையில் துடைத்துக்கொள்வாள். எத்தனை காலை, எத்தனை கட்டு! எதற்கு நோவு அதிகமோ அதற்கு அதிகக் கட்டு. நோவு கண்ட மாடு சேற்றுப் புல்லைத்தான் தின்றது என்று சந்தோஷப்பட்டவள்.

"நீ சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்கை வெட்டினனீ?"

கந்தப்பன் சொல்லச் சொன்ன பதில் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் அவள் பெயர் பெரட்டில் இருக்கும்; அவன் உள்ளே இருப்பான்.

"பங்களா ஊத்துல, சாமி" என்றாள். "பள்ளத்துல எறங்கி வெட்டுனேன். ஆவணியிலேருந்து. காளைக்கு மட்டுந்தான் போட்டேன். நத்தை இருக்கு. நெறைய இருக்கு. அவரு பொய் சொன்னது எனக்காக."

துரைக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. 'பங்களா ஊத்து' அவருக்கே விளங்கியது. முகம் சிவந்தது. தான் குடிக்கிற தண்ணீரை நினைத்திருப்பார்.

இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஈரலில் ஒரு துண்டையும் நாலு புழுவையும் சாடியில் போட்டு மூடினார். போகுமுன், கொம்பனின் தாடைக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. கொம்பனுக்கு மருந்து உண்டா என்று அவள் கேட்டாள்.

"இருக்கு. மூண்டு மாசம் பிந்திப் போச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை கந்தப்பனை விட்டுவிட்டார்கள். அன்றைக்கே பெரட்டில் பூவம்மாவின் பேரை வெட்டினார்கள். கந்தப்பன் மீது குற்றம் இல்லை என்பதால் அவனுக்கு வேலையிலிருந்து விடுவிக்கிற பத்துச்சீட்டுக் கொடுத்தார்கள், அவளுக்கு இல்லை. அந்தச் சீட்டு இல்லாதவளை ஊவாவில் எந்தத் தோட்டமும் பேர் பதியாது. இரண்டு பிள்ளைகளும் சட்டி பானையும் ஒரு அரிவாளுமாக அவள் பதுளைப் பாதையில் அவனை எதிர்கொண்டாள். நாலு பேரும் மொனராகலைப் பக்கம் நடந்தார்கள்.

"புழுவாம். கோட்டுல வாசிச்சாங்க" என்றான் கந்தப்பன். "புல்லுலேருந்து வந்துச்சாம்."

"நான் வெட்டுன புல்லுலேருந்து."

"கூழைவாலனுக்குமா?"

"அதுக்குத்தான் நெறயப் போட்டேன்."

"அப்ப நான் சூடு போட்டதெல்லாம் வீணுதான்" என்றான். "நாலு எடத்துல இழுத்தேன். பொறுத்துக்கிட்டு நின்னுச்சு." அதற்கப்புறம் அந்த மாடுகளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பங்குனியில் கொம்பன் செத்ததை இத்ரூஸ் காக்கா சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டும் பேசவில்லை.

மொனராகலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கந்தப்பனுக்கு மாட்டுப்பட்டி வேலை கிடைத்தது. பூவம்மாவுக்குப் பேர் கிடையாது. புருஷனுக்கு உதவுகிற பெண்டாட்டி என்று புல் வெட்டினாள். மேட்டில்தான் வெட்டுவாள். வெட்டிய புல்லைக் கட்டுவதில்லை; பாறையில் பரப்பி, பிடி பிடியாக எடுத்து உதறி, ஒவ்வொரு தாளின் அடியையும் திருப்பிப் பார்ப்பாள். அதற்குள் வெயில் ஏறிவிடும். மற்றவர்கள் இரண்டு கட்டு கொண்டுவருகிற நேரத்தில் அவள் ஒன்றுகூட முழுசாகக் கொண்டுவரமாட்டாள்.

"என்னடி தேடுற, மூக்குத்தியா?" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

பழைய பூவம்மாவாக இருந்தால் கட்டுக்குள்ளிருந்து பதில் வந்திருக்கும். இவள் தலையைத் தூக்காமல் அடுத்த பிடியை எடுப்பாள். மாடுகள் பசியோடு கத்துவது பட்டியிலிருந்து கேட்கும். கேட்டாலும் அவசரப்படமாட்டாள்.